ஆராதனைப் பாட்டும் இணைய உரிமமும்

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அவ்வாண்டின் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. உயிர்த்தெழுந்த ஞாயிறு ஏப்ரல் 12. ஆண்டின் தலையாய வாரத்தில் ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்தன. போதகரும் பாடகர் குழுவில் இரண்டொருவரும் மட்டும் உள்ளே நின்று, முக்காலியில் கைபேசியைப் பொருத்தி, ஆராதனையை இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ஊரடங்கு நீங்கியது, அவ்வழக்கம் நீங்கவில்லை. கூடுவாஞ்சேரி போன்ற புறநகர்களில் அது நீங்காததற்குக் காரணமும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வண்டலூர் முதல் செங்கற்பட்டு வரை வளர்ந்துள்ள இக்குடியிருப்புகளில் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள் பலர். பெற்றோர் ஊரில், பிள்ளைகள் துபாயிலோ டொராண்டோவிலோ. ஞாயிறு காலையில் மூவிடத்தாரையும் ஒரே பாட்டில் கூட்டுவது அந்தச் சிறு திரைதான்.

இவ்வழக்கத்தோடு ஒரு கேள்வியும் வந்து சேர்ந்தது. ஆராதனையில் நாம் பாடும் பாட்டை இணையத்தில் ஒலிபரப்ப உரிமம் வேண்டுமா? வேண்டுமெனில் எந்த உரிமம்? சேகரக் கமிட்டிகளில் இக்கேள்வி எழும்போது இரண்டு வகை விடைகள் கிடைக்கின்றன. 'கர்த்தருடைய பாட்டுக்கு யாரிடம் கேட்பது?' என்பது ஒன்று. 'வெளிநாட்டுச் சபைகள் ஏதோ உரிமம் வாங்குகின்றனவாம். அதையே நாமும் வாங்கிவிட்டால் தொல்லை விட்டது' என்பது மற்றொன்று. இரண்டும் யோசனையைத் தவிர்க்கும் வழிகள் என்பதே என் கருத்து. உரிமம் வாங்குவது இவ்வேலையின் கடைசிப் படி. முதற்படி, நாம் எந்தப் பாட்டைப் பாடுகிறோம், அதை யார் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுவது.

பாட்டு என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளன்று. சொல்லுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு மற்றோர் உரிமை. இம்மூன்றும் மூவர் கையில் இருக்கலாம். தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. பாரதி பாடல்களின் கதையே இதற்குச் சான்று. அச்சுரிமை ஒருபுறம் இருக்க, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்றைப் பயன்படுத்தியபோது, விவகாரம் வழக்குமன்றம் வரை போனது. பாரதியை நாட்டுடைமையாக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு அது வலுவூட்டியது. 1949இல் அரசு உரிமையைப் பெற்றபோது மெய்யப்பன் தம் உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். மக்கள் நாவில் வாழும் பாட்டும் தாளில் ஒருவருக்கு உடைமையாக இருக்கக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டியது. அரசு தலையிட்டு விடுவிப்பது பாரதியைப் போன்ற சிலருக்கே வாய்த்தது. மற்றவர்களுக்குச் சட்டமே கதி.

அச்சட்டம் ஆலயத்தின்பால் கருணையற்றதன்று. 1957ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின் போக்கில் பாட்டைப் பாடுவதையும் ஒலிப்பதிவை மக்களுக்குக் கேட்கச் செய்வதையும் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் உண்டு. இவ்விளக்கத்தின் எல்லை எது என்பதில் சண்டை ஓயவில்லை. திருமணங்களில் இசைக்கு உரிமத்தொகை கேட்கலாகாது என்று மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பு வெளியிட்டது. 2024 ஜனவரியில் கோவா அரசு அதே பொருளில் ஒரு சுற்றறிக்கை பிறப்பித்தது. அச்சுற்றறிக்கை சட்டத்தை மீறிச் செல்கிறது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. விதிவிலக்கு இருக்கிறது என்பது உறுதி. அதை நம் வசதிக்கு இழுத்து நீட்ட முடியாது என்பதும் உறுதி.

எனவே கூடுவாஞ்சேரியில் ஒரு சபை தன் மண்டபத்துக்குள் ஞாயிறு காலையில் பாடுகிற பாட்டுக்கு எவரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. சிக்கல் அந்தப் பாட்டு மண்டபத்தை விட்டு வெளியேறும்போது தொடங்குகிறது. நேரலையாக ஒளிபரப்புவதும் சடங்கின் போக்கில் நிகழ்வதே என்று வழக்கறிஞர் வாதிட இடமுண்டு. ஆனால் வாதத்துக்கு இடமிருப்பது வேறு, பாதுகாப்பு இருப்பது வேறு. மேலும், எந்தச் சபையும் நேரலையோடு நின்றுவிடுவதில்லை. காணொளி சபையின் யூடியூப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. புதன்கிழமை நள்ளிரவில் ஒருவர் அதைத் திறந்து நான்காம் நிமிடத்திலுள்ள பாட்டை மட்டும் கேட்கிறார். அதைச் சடங்கின் போக்கு என்று சொல்ல முடியுமா? ஒரு பாட்டைக் காணொளியில் பதிவு செய்வது, சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, பாட்டை இயற்றியவருக்கு உரிய தனி உரிமை. சொற்களைத் தட்டெழுதிக் கணினியில் சேமித்துத் திரையில் காட்டுவதும் படியெடுத்தலே.

இணையத்துக்கு நாட்டெல்லை இல்லை என்பது இன்னொரு சிக்கல். நம் 52ஆம் பிரிவு டொராண்டோவில் செல்லாது. அமெரிக்கச் சட்டத்திலும் வழிபாட்டுத் தலத்தில் பாடுவதற்கு விலக்கு உண்டு. அது அத்தலத்தின் சுவர்களுக்குள் நடப்பதற்கே பொருந்தும், ஒலிபரப்புக்குப் பொருந்தாது. அங்குள்ள சபைகள் ஒலிபரப்புக்கெனத் தனி உரிமம் வாங்குவதன் காரணம் அதுவே.

இதற்கெல்லாம் மேலாக ஒரு நடைமுறைச் செய்தி: யூடியூப்பின் வாசலில் நிற்பது நீதிமன்றமன்று, ஓர் இயந்திரம். 2007 முதல் இயங்கும் அந்த அடையாளங்காணும் முறை, பதிவேற்றப்படும் ஒலியை உரிமையாளர்கள் அளித்த ஒலிகளோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் உரிமைக்கோரிக்கை வருகிறது. காணொளியைத் தடுப்பதா, அதன் விளம்பர வருவாயை எடுத்துக்கொள்வதா, கண்காணிப்பதோடு விடுவதா என்று உரிமையாளர் தீர்மானிப்பார். இது ஒன்று. உரிமையாளர் முறைப்படி புகார் அளித்துக் காணொளியை நீக்கச் செய்வது வேறு. அத்தகைய புகார் 90 நாளுக்குள் மூன்று வந்தால் சபையின் பக்கமே மூடப்படலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு முதலாவதற்கு அஞ்சுவோரும் உண்டு, இரண்டாவதை அலட்சியம் செய்வோரும் உண்டு. சபை கையில் வைத்திருக்கும் உரிமத்தை இயந்திரம் படித்துப் பார்ப்பதில்லை. கோரிக்கை வந்தபின், அவ்வுரிமத்தைக் காட்டி மறுப்புத் தெரிவிக்க வேண்டியது நம் வேலை.

இனி, வெளிநாட்டு உரிமங்கள் எவ்வாறு பிறந்தன என்று பார்க்கலாம். அமெரிக்காவில் எப்.இ.எல். என்ற பாடற்பதிப்பகம், தன் பாடல்களைப் பங்குகள் அனுமதியின்றிப் படியெடுத்து வழங்குகின்றன என்று சிகாகோ கத்தோலிக்க உயர் மறைமாவட்டத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1984இல் நடுவர் குழு முப்பது இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தொகையின் பெரும்பகுதி நிலைக்கவில்லை. ஆயினும் அத்தொகை எழுப்பிய அதிர்ச்சி அமெரிக்கச் சபைகளை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பதிப்பகத்துக்குக் கடிதம் எழுத எந்தச் சபைக்கும் நேரமில்லை. ஆகவே, ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லந்தில் ஒரு சபையின் இசைப்பணியாளராக இருந்த ஹோவர்ட் ரச்சின்ஸ்கி, ஆண்டுக்கு ஒரு கட்டணத்தில் பல பதிப்பகங்களின் பாடல்களுக்கு அனுமதி தரும் திட்டமொன்றைத் தொடங்கினார். 1988இல் அது சி.சி.எல்.ஐ. என்ற நிறுவனமாயிற்று. சபையில் கூடுவோர் தொகைக்கேற்பக் கட்டணம். பாடிய பாடல்களைச் சபை அறிவித்தால் அதன்படி உரிமையாளர்களுக்குப் பங்கு. பிற்காலத்தில் இணைய ஒலிபரப்புக்கெனத் தனி உரிமமும் வந்தது. கத்தோலிக்க வழிபாட்டுப் பதிப்பகங்கள் சார்ந்த பாடல்களுக்கு 'ஒன் லைசன்ஸ்' என்ற வேறு ஏற்பாடு உண்டு.

நல்ல ஏற்பாடுகள்தாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலப் பாடல்கள் மிகுதியாகப் பாடும் சபைக்கு அவை பெரிதும் பயன்படும். ஆனால் உரிமம் என்பது ஒரு பாடற்பட்டியல் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பட்டியலில் உள்ள பாட்டுக்கு மட்டுமே அது காப்பு. கூடுவாஞ்சேரியில் ஞாயிறுதோறும் பாடும் ஏழு பாடல்களில் ஆறு தமிழ்ப்பாடல்கள் எனில், அவற்றில் எத்தனை அப்பட்டியலில் உண்டு என்று தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டவேண்டும். தேடாமல் கட்டினால் நமக்கு ரசீது கிடைக்கும். நாம் பாடிய பாட்டை எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது.

தமிழ்ச் சபையின் பாடல்களை நான்கு கட்டாகப் பிரிக்கலாம்.

முதற்கட்டு, பழைய கீர்த்தனைகள். எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் கடந்தால் பாட்டு பொதுச்சொத்து. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மறைந்தது 1864இல், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை மறைந்தது 1900இல். கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதர் மறைந்தது 1919இல். இவர்கள் ஆக்கங்களுக்கு எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஆனால் இக்கீர்த்தனைகளை ஒரு நிறுவனம் பதிவு செய்திருந்தால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டுக் காப்பு உண்டு. 1970இல் வெளிவந்த இசைத்தட்டுக்கு அது 2030 இறுதிவரை நீடிக்கும். அந்தப் பதிவை ஓடவிடக்கூடாது. பாட்டை நாமே பாடலாம். அப்படி நாமே பாடியதற்கும் இயந்திரம் சில வேளை கோரிக்கை எழுப்பும். அப்போது ஆசிரியர் பெயரும் அவர் மறைந்த ஆண்டும் தெரிந்த பாடகர் குழு அஞ்சாமல் மறுக்கும். தெரியாத குழு காணொளியை நீக்கிவிடும். இலக்கிய வரலாறு சோறு போடாது என்பார்கள்; இங்கே அது சபையின் பக்கத்தைக் காக்கும்.

இரண்டாம் கட்டு, மொழிபெயர்ப்புகள். ஜெர்மன், ஆங்கில மூலங்களிலிருந்து பாமாலையில் சேர்ந்த ஞானப்பாட்டுகளில் மூலம் பழையதாயினும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனி. அவர் காலத்தைப் பார்க்கவேண்டும். இன்றைய மேலைநாட்டு ஆராதனைப் பாடல்களைத் தமிழாக்கிப் பாடுவதோ வேறு கதை. மொழிபெயர்ப்பதற்கே மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். ஆங்கிலப் பாட்டுக்கு உரிமம் வைத்திருப்பது அதன் தமிழ் வடிவத்தை நாமே ஆக்கிக்கொள்ளும் அனுமதியாகிவிடாது.

மூன்றாம் கட்டு, திரைப்பட மெட்டில் எழுதிய பாடல்கள். இது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். பஜனைக் கூடங்களும் கட்சி மேடைகளும் செய்ததைச் சபைகளும் செய்தன. மண்டபத்தில் அது மறைந்துவிடும், இணையத்தில் மறையாது. மெட்டின் உரிமை குறித்துத் தமிழ்நாட்டில் எவ்வளவு கூர்மையான உணர்வு இன்று உண்டு என்பதற்கு, இளையராஜா 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கே வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியதை நினைவூட்டினால் போதும். இக்கட்டுப் பாடல்களை ஒளிபரப்பிலிருந்து விலக்கிவிடுவதே நேர்மையும் எளிமையும்.

நான்காம் கட்டே மிகப் பெரிது: சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இந்நூற்றாண்டிலும் எழுந்த பாடல்கள். டி.ஜி.எஸ். தினகரன் 2008இல் மறைந்தார். அவர் எழுதிய பாடல்களின் காப்பு 2068 இறுதிவரை உண்டு. அவரைப் போன்று பெயர் பெற்றவர்களின் பாடல்களுக்கு யாரைக் கேட்பது என்றாவது தெரியும். ஆனால் நாம் பாடுபவற்றில் பல, சிற்றூர்ப் போதகர்களும் பள்ளியாசிரியர்களும் எழுதி, ஒலிநாடா வழியே பரவி, எழுதியவர் பெயரை வழியில் தொலைத்துவிட்டவை. என் கவலையெல்லாம் இவர்களைப் பற்றியதே. இவர்களுக்கு வழக்கறிஞர் இல்லை, இயந்திரத்தில் பதிவு இல்லை, வெளிநாட்டுப் பட்டியலில் இடமில்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் உரிமத்தொகை வசூலிக்க 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இந்தியாவில் உண்டு. 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அவர்களது பங்கை உறுதிசெய்த பின், 2017இல் அது மீண்டும் பதிவு பெற்றது. ஆனால் அச்சங்கம் பேசுவது தன் உறுப்பினர்க்காக. சிற்றூர்ப் போதகர் அதில் உறுப்பினரானாலன்றி அவருக்கு அதனால் பயனில்லை. வானொலிக்கு உள்ளது போன்ற சட்டப்பூர்வ உரிமத்தை இணைய ஒலிபரப்புக்கும் கேட்டுப் பெறலாமே என்று எண்ணவும் வழியில்லை. அவ்வுரிமம் இணையத்துக்குச் செல்லாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் விங்க் வழக்கில் 2019இலும், மேல்முறையீட்டில் 2022இலும் தீர்ப்பளித்தது.

ஆகவே எஞ்சுவது பழைய வழி: கடிதம் எழுதிக் கேட்பது. இதைக் குறைவாக எண்ணவேண்டாம். சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது; முத்திரைத்தாள் கேட்கவில்லை. ஆனால் இரண்டு சொற்களை மறக்கலாகாது. காலம் குறிப்பிடாவிட்டால் அனுமதி ஐந்தாண்டுக்கு மட்டும் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள்கொள்ளும். துபாய்ப் பிள்ளைக்காகவே ஒளிபரப்பு என்னும்போது 'உலகெங்கும்' என்ற சொல் விடுபட்டால் கடிதத்தால் பாதிப் பயனே. நேரலைக்கும், பின்னர் காணொளி இணையத்தில் தங்குவதற்கும், சொற்களைத் திரையில் காட்டுவதற்கும் அனுமதி என்று தெளிவாக எழுதிக்கொள்ளவேண்டும். கூடவே, சபையால் இயன்ற ஒரு தொகையையும் சொல்லவேண்டும். பலர் 'ஊழியத்துக்குத்தானே, பாடுங்கள்' என்று விடைதரக்கூடும். எவரேனும் தம் பாட்டை எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க விரும்பினால், 21ஆம் பிரிவின்படி பொது அறிவிப்பால் உரிமையைத் துறக்கவும் வழியுண்டு. அந்தப் பெருந்தன்மை அவருக்கு உரியது. அவர் சார்பில் நாமே பெருந்தன்மை காட்டிக்கொள்வதுதான் முறையற்றது.

பாடல் அனுமதி கிடைத்தாலும் பின்னணி இசைத்தடத்துக்கு வேறு அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். கீபோர்டு வாசிக்க ஆளில்லாத சபைகள் யாரோ பதிவேற்றிய கரோக்கித் தடத்தை ஓடவிட்டுப் பாடுகின்றன. கோரிக்கைகளில் சிக்க இதைவிட எளிய வழி இல்லை. அவ்வாறே, ஸ்பாட்டிபை போன்ற தனிநபர்ச் சந்தாக்கள் தனிநபர் கேட்பதற்கே. மண்டபத்தில் பொதுவில் ஒலிக்கவோ மறுபடி ஒளிபரப்பவோ அவற்றின் விதிகள் இடந்தருவதில்லை.

'கர்த்தருக்கென்று எழுதிய பாட்டுக்கு விலை பேசலாமா?' என்ற எதிர்ப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. அதில் ஓர் உண்மை உண்டு. பக்திப்பாட்டு பாடப் பாடத்தான் வாழும். ஆனால் அதே சபை ஒலிபெருக்கிக் கடைக்கும் மின்வாரியத்துக்கும் இணைய இணைப்புக்கும் மாதந்தோறும் பணம் கட்டுகிறது. எல்லாருக்கும் கூலி உண்டு, பாட்டெழுதியவனுக்கு மட்டும் புண்ணியம் என்றால், அங்கே பக்தியைவிட வசதியே பேசுகிறது. 'சின்னச் சபை, யார் வழக்குப் போடுவார்?' என்ற இரண்டாவது எதிர்ப்புக்கு விடை சுருக்கமானது: ஒருவரும் போடமாட்டார். அதனாலேயே அது நம் மனச்சாட்சியின் பொறுப்பாகிறது.

ஒரு புறநகர்ச் சபைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஓராண்டில் பாடிய பாடல்களைப் பட்டியலிடுங்கள். ஆசிரியர், மெட்டமைத்தவர், காலம் ஆகியவற்றை எதிரே எழுதுங்கள். பொதுச்சொத்தான கீர்த்தனைகளை ஒளிபரப்பின் முதுகெலும்பாக்குங்கள். ஆங்கிலப் பாடல்கள் கணிசமாக இருந்தால் அவற்றுக்கு வெளிநாட்டு உரிமத்தை வாங்குங்கள். இந்நாளைய தமிழ்ப்பாடல்களுக்குக் கடிதம் எழுதுங்கள். விடை வராத பாட்டை மண்டபத்தில் பாடுங்கள், ஒளிபரப்பில் அந்த ஐந்து நிமிடத்தை நிறுத்திவையுங்கள். இதைச் செய்ய வழக்கறிஞர் வேண்டியதில்லை. பாடகர் குழுவிலுள்ள கல்லூரி மாணவர் இருவர் சில வாரங்களில் முடித்துவிடலாம். அவர்கள் கையில் அப்போது ஒரு சிறு இலக்கிய வரலாறும் இருக்கும்.

பழைய கீர்த்தனைக்காரர்கள் தம் பெயரைக் கடைசிச் சரணத்தில் முத்திரையாகப் பதித்தார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் பலவற்றில் அதைக் காணலாம். சட்டமும் பதிப்பகமும் துணைக்கு வராத காலத்தில், பாடுகிற ஒவ்வொரு வாயும் ஆசிரியரின் பெயரைச் சொல்லியே தீரவேண்டும் என்று அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. இன்றைய பாடல்களில் முத்திரை அரிது. திரையில் ஓடும் வரிகளின் கீழ் பெயரும் இல்லை. ஆசிரியராக அறியப்படும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறது. அவ்வுரிமை பாட்டை விற்றுவிட்டாலும் போவதில்லை. பணமில்லாத சபைகூட அதை இன்றே செலுத்திவிடலாம். ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியவர் பெயரை ஒரு வரியில் போடுவதற்கு எந்த நிறுவனமும் கட்டணம் கேட்பதில்லை.